பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) முடித்த முதல் இரண்டு வருடம்: கேள்வி பதில்

கே: இன்டர்ன்ஷிப் முடிகிறது மேடம். முதல் வேலை என்ன?

ப: தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு. பதிவு எண் கைக்கு வரும்வரை, சொந்தக்காரர் கிளினிக்காகவே இருந்தாலும் தனியாக வைத்தியம் பார்க்காதீர்கள்.

கே: ஒரு கிளினிக்கில் சம்பளம் இல்லை, 30 சதவீதம் என்கிறார்கள். சேரலாமா?

ப: எதில் 30 என்று கேளுங்கள். கேப்புக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) நோயாளி 5,000 தருகிறார், அதைச் செய்துதரும் லேபின் பில் 1,500 என்று வையுங்கள். மொத்தத்தில் 30 என்றால் உங்களுக்கு 1,500. லேப் பில்லைக் கழித்துவிட்டு என்றால் 1,050. லேப் பில் முழுவதும் உங்கள் பங்கில் என்றால் பூஜ்யம்! கேப் சரியாக உட்காராமல் திரும்பச் செய்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

கே: மோலார் ஆர்.சி.டி.யில் (கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை), வேர்க் கால்வாயைத் தேய்க்கும் ஃபைல் கம்பி உள்ளே உடைந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது.

ப: நடுங்குவது நல்லதுதான். ஆக்சஸை (பல்லில் போடும் திறப்பை) குறுகலாக வைத்துக்கொண்டு வளைந்த கால்வாயில் ரோட்டரியை (மோட்டாரில் சுழலும் ஃபைலை) அழுத்துவதால்தான் அதிகம் உடைகிறது. ஆக்சஸை நேராக்குங்கள். கையால் திருகும் மெல்லிய 10-ஆம் எண் கே-ஃபைல் தளர்வாக முழு நீளமும் போகவேண்டும், பிறகு 15, அதன்பிறகே ரோட்டரி. ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவே ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி) விட்டுக் கழுவுங்கள். முறுக்கு பிரிந்த ஃபைலைத் தூக்கிப் போடுங்கள், முதலாளி முகத்தைப் பார்க்காதீர்கள். முன்பல், பிரீமோலார் (முன்கடைவாய்ப் பல்) பழகியபின் மோலாருக்கு வாருங்கள். அழைத்தால் எழுந்து வரும் சீனியர் இருக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். சம்பளம் 5,000 குறைந்தாலும் பரவாயில்லை.

கே: அப்பா கடன் வாங்கிக் கிளினிக் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

ப: இப்போது வேண்டாம். தவணை முதல் மாதமே வந்துவிடும், நோயாளி வரமாட்டார். வைத்தே தீருவதென்றால் ஒரே நாற்காலி போதும்; ஒரு வருட வாடகையும் தவணையும் தனியாக இருக்கட்டும். அலங்கார விளக்கில் மிச்சம் பிடித்து, பி வகுப்பு ஆட்டோகிளேவும் (கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் இயந்திரம்) எண்ணெயில்லா கம்ப்ரசரும் வாங்குங்கள். எண்ணெய் கம்ப்ரசர் என்றால் காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் வந்து, பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் பிடிக்காது. எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி, மருத்துவக் கழிவுக்கு ஒப்பந்தம், கிளினிக்குக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) 1997 சட்டப்படி பதிவு, மூன்றும் வேண்டும்.

கே: உடனே எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) சேரலாமா?

ப: எந்தப் பிரிவு என்று தெரிந்தால் உடனே. ரேங்குக்குக் கிடைத்ததை எடுக்கலாம் என்றால், ஒரு வருடம் கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டு முடிவெடுங்கள்.

கே: எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வேலை அறிவிப்புக்காகக் காத்திருக்கலாமா?

ப: விண்ணப்பியுங்கள். ஆனால் மாலை நேர கிளினிக்கை விடாதீர்கள். ஆறு மாதம் ஏரோட்டர் (பல் குடையும் கருவி) பிடிக்காவிட்டால் கை மறந்துவிடும்.