ஒரே ஸ்விட்ச், மூன்று விலை

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்துக்கு 24 போர்ட் பி.ஓ.இ. நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமரா போன்றவற்றுக்கு மின்சாரமும் தருவது) நான்கு வேண்டும். மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். மாடல் ஒன்றுதான், ஆனால் முதல் டீலரின் குறைந்த விலைக்குப் பக்கத்தில்கூட மற்ற இருவரும் வரவில்லை. தயாரிப்பாளரின் இணையதளத்திலும் விலை இல்லை. நிஜ விலைதான் என்ன?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: மற்ற இருவரும் கொள்ளை லாபம் வைத்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். சிஸ்கோ, எச்.பி.இ. அரூபா போன்ற நிறுவனங்களின் லிஸ்ட் பிரைஸில், அதாவது தயாரிப்பாளர் பட்டியலில் போடும் விலையில், அநேகமாக யாரும் வாங்குவதில்லை. அதிலிருந்து எவ்வளவு இறங்கும் என்பதில் ‘டீல் ரெஜிஸ்ட்ரேஷன்’ பெரிய பங்கு வகிக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பெயரையும் தேவையையும் தயாரிப்பாளரிடம் முதலில் பதிகிற டீலருக்குக் கூடுதல் தள்ளுபடி உண்டு. பின்னால் வருகிறவர்களுக்குப் பொதுவான தள்ளுபடிதான். நீங்கள் முதலில் பேசியவர் அன்றைக்கே பதிந்திருந்தால், மற்ற இரண்டு கொட்டேஷனும் ஒப்புக்கு வந்தவைதான்.

அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்கும் முன் பார்ட் நம்பரோடு (மாடலின் முழுக் குறியீடு) தேவைப் பட்டியல் போட்டுவிடுங்கள். எல்லா டீலர்களுக்கும் ஒரே நாளில், ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ‘எங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எங்கள் பெயரில் டீல் பதியக் கூடாது’ என்ற வரி அதில் இருக்கட்டும். தயாரிப்பாளரின் விற்பனைப் பிரிவிடமும் பேசி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதே சலுகை விலையை மற்றவர்களுக்கும் தருவார்களா என்று கேளுங்கள்.

பதில் கொட்டேஷனில் வரிக்கு வரி பார்ட் நம்பர், லிஸ்ட் பிரைஸ், தள்ளுபடி சதவீதம், நிகர விலை, 18% ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். ‘ஸ்விட்ச், நிறுவுதல் உட்பட மொத்தம்’ என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பவர் கார்டு, ரேக்கில் மாட்டும் கிட், சப்போர்ட் ஒப்பந்தம் ஆகியவை அந்த ஒற்றை வரியில்தான் காணாமல் போகும். ஆர்டர் கொடுத்தபின் தனி பில்லாக வரும்.

மாடல் ஒன்றுதான் என்கிறீர்கள், கடைசி எழுத்துவரை ஒத்துப் பார்த்தீர்களா? சிஸ்கோ சி.பி.எஸ்.350 வரிசையில் ‘24பி’ என்றால் பி.ஓ.இ.க்கு மொத்தம் 195 வாட், ‘24எஃப்பி’ என்றால் 370 வாட். 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் கொடுக்க 370 வாட் தேவை. 195 வாட் மாடலைப் போட்டு மலிவாகக் காட்டியிருந்தால், எல்லா கேமராவையும் வைஃபை ஆக்சஸ் பாயின்டையும் மாட்டியபிறகு சில போர்ட்டுகளில் மின்சாரம் வராமல் போகலாம்.

அவசரமில்லை என்றால் தயாரிப்பாளரின் காலாண்டு முடிவுவரை பொறுங்கள். சிஸ்கோவின் நிதியாண்டு ஜூலை கடைசியில் முடிகிறது, எச்.பி.இ.க்கு அக்டோபர் 31. ஆக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் கடைசி வாரங்களில் பேரம் படியும். விலையை வெளிப்படையாகப் போடும் மைக்ரோடிக், யுபிக்விட்டி கருவிகளின் கொட்டேஷன் ஒன்று கையில் இருந்தால் பேச்சு இன்னும் சுலபம்.

கேள்வி: பள்ளிக்கு வாங்கிய வைஃபை கருவிகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும் என்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கருவியைப் பொறுத்தது. சிஸ்கோவின் மெராக்கி கருவிகளில் கோ-டெர்ம் முறை (எல்லா லைசென்ஸும் ஒரே தேதியில் முடிவது) என்றால் காலாவதிக்குப்பின் 30 நாள் அவகாசம். அதன்பின் நெட்வொர்க் நிஜமாகவே நின்றுவிடும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9200, 9300 ஸ்விட்சுகளில் டி.என்.ஏ. என்ற மென்பொருள் சந்தா முடிந்தாலும் அடிப்படை ஸ்விட்சிங் ஓடும், மேலாண்மை வசதிகள்தான் போகும். வாங்கும்போதே கருவி, லைசென்ஸ், சப்போர்ட் மூன்றுக்கும் ஐந்தாண்டுச் செலவைக் கூட்டி ஒப்பிட வேண்டும். புதுப்பிக்கும் விலையையும் அன்றே எழுதி வாங்கலாம்.

கேள்வி: ஸ்விட்சைவிட, அதில் ஃபைபர் கேபிளை இணைக்கச் செருகும் எஸ்.எஃப்.பி. மாட்யூல்களின் விலை மிரட்டுகிறதே?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தள்ளுபடியை ஸ்விட்சில் கொடுத்து மாட்யூலில் எடுப்பது பழைய வழி. உங்கள் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும்படி கோடிங் செய்த வேறு நிறுவன மாட்யூல்கள் பல மடங்கு மலிவு, வேலையும் செய்யும். உங்கள் ஃபைபர் கேபிள் எந்த வகை, சிங்கிள் மோடா, மல்டி மோடா என்று பார்த்து அதற்கேற்ற மாட்யூலை வாங்குங்கள். கோளாறு வந்தால் ‘அசல் மாட்யூலைப் போட்டுக் காட்டுங்கள்’ என்று சப்போர்ட்டில் கேட்பார்கள், அதற்காக அசல் இரண்டு அலமாரியில் இருக்கட்டும்.