கார்ன் ஸ்நேக்கைக் குளிரில் வைக்கும்முன் இரையை எப்போது நிறுத்துவது?

இணை சேர்ப்பதற்கு முன், வீட்டில் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் (Corn snake) என்ற விஷமில்லாப் பாம்பைக் குளிர்கால ஓய்வுக்காகக் குளிரில் வைக்கப்போவதாகவும், இரையை எப்போது நிறுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2, 3 வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். ஆனால் அந்த வாரங்களில் ஹீட்டரை அணைக்கவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். பாம்புக்கு உடம்புச்சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். சூடு போனால் செரிமானம் நின்று, விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். பாம்பு செத்துப்போகவும் கூடும்.

பிறகு ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக 10–15 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவாருங்கள். 8 முதல் 12 வாரம், இருட்டில். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும்; கட்டைபோல் சுருண்டு கிடந்தாலும் இடையில் வந்து குடிக்கும். அவ்வப்போது தராசில் வையுங்கள். எடை சட்டென்று இறங்கினாலோ, வாயோரம் குமிழி தெரிந்தாலோ, இந்த வருடம் வேண்டாமென்று விட்டுவிட்டு, மெல்லச் சூடேற்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் குளிர்காலம் கண்டு பழகிய இனம் இது. ஆப்பிரிக்க வெப்பத்தில் வாழும் பால் பைத்தான் (Ball python) என்ற மலைப்பாம்புக்கு இதே வேலையைச் செய்துவிடாதீர்கள். இளைத்த பாம்பையும் குட்டியையும் குளிரில் வைக்காதீர்கள்.

சூடு பழையபடி வந்ததும் முதல் இரை சின்னதாகப் போதும். பெண் பாம்பு சட்டை உரித்த பிறகு ஆணோடு சேர்க்கலாம்.