'ஓகே' என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதன் சரியான பொருள் என்ன?

நாள்தோறும் நூறு முறை சொல்லும் இந்த 'ஓகே', ஒரு பத்திரிகைக் கேலியில் பிறந்தது. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளர்களிடையே, சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடும் விளையாட்டு பரவியிருந்தது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆக்கி, அதன் சுருக்கமாக 'ஓ.கே.' என்று 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் வெளியிட்டது. 'ஆல் ரைட்' என்பதை 'oll wright' என்று தப்பாக எழுதி, 'ஓ.டபிள்யூ.' என்ற சுருக்கமும் அப்போது உலவியது. அதை இன்று யாரும் சீந்துவதில்லை.

'ஓகே' மட்டும் பிழைத்ததற்கு அரசியல் ஒரு முக்கியக் காரணம். 1840 அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவருடைய சொந்த ஊரான கிண்டர்ஹூக்கை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அவரை அழைத்து, 'ஓ.கே. கிளப்' தொடங்கினர். அவர் தோற்றார், சொல் நிலைத்தது. இவ்வரலாற்றை 1960களில் ஆதாரங்களுடன் நிறுவியவர் மொழியியல் அறிஞர் ஆலன் வாக்கர் ரீட். அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து 'ஓகே' வந்தது என்ற விளக்கம் கேட்கச் சுவையானது என்றாலும், ரீட் காட்டிய அச்சுச் சான்றுகளுக்கு முன் அது வலுவற்றது என்றே கருதுகிறேன்.

பொருளைத் தீர்மானிப்பது இடமே. 'வரலாமா?' என்பதற்கு 'ஓகே' என்றால் சம்மதம், 'சாப்பாடு எப்படி?' என்பதற்கு 'ஓகே' என்று இழுத்தால், சமைத்தவர் மகிழ ஒன்றுமில்லை.