வளர்ச்சி விகிதம் குறைவதால்தான் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்பிக்கை இழக்கிறார்களா? அதனால் சாதாரண மக்களுக்கு என்ன பாதிப்பு?

முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டாவது கேள்விக்கான பதிலை நான் ஆலை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வளர்ச்சி குறைந்தால் முதலீடு ஓடிவிடும் என்று குறிப்பேடுகளில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். நான் பொருளாதார நிபுணன் அல்லன். தமிழக ஆந்திர எல்லையில், ஆரம்பாக்கம், தடா வட்டாரத்தில், ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வாகன உதிரிபாக ஆலையில் 14 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும், கீழே நான் குறை சொல்லப்போகும் அலுவலகம் எது, அது எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதையும் எழுத மாட்டேன். எல்லையின் இரு பக்கமும் வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்தால் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டுப் பணம் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. பங்குச் சந்தைக்கு வரும் பணம் காலையில் வந்து மாலையில் போகக்கூடியது. 2013 மே மாதத்தில் அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று அதன் தலைவர் சொன்ன பிறகு அந்தப் பணம் வெளியேறத் தொடங்கி, ஆகஸ்ட் இறுதியில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. 2019 ஜூலை பட்ஜெட்டில் உயர்த்தப்பட்ட கூடுதல் வரி வெளிநாட்டு நிதியங்கள் சிலவற்றையும் பிடித்துக்கொண்டபோதும் சந்தையிலிருந்து பணம் வெளியேறியது. ஆகஸ்ட் 23 அன்று மத்திய அரசு அந்த உயர்வைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நான் பேச வந்தது இந்தப் பணத்தைப் பற்றியன்று. நிலம் வாங்கி, தூண் எழுப்பி, இயந்திரம் இறக்குகிற நேரடி முதலீட்டைப் பற்றியது.

நேரடி முதலீடு வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து வருவதாக இருந்தால் 2019-20 ஆம் ஆண்டுக்கு விளக்கம் சொல்ல முடியாது. 2016-17 இல் 8 சதவீதத்துக்கு மேல் இருந்த இந்தியாவின் வளர்ச்சி அந்த ஆண்டில் 4 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஆனால் பங்கு மூலதனமாக வந்த அன்னிய நேரடி முதலீடு அதே ஆண்டில் ஏறத்தாழ 5000 கோடி டாலராக, அதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்தது. ஆலை கட்ட வருபவர்கள் 20 ஆண்டுக் கணக்குப் போட்டு வருகிறார்கள். ஓரிரு ஆண்டு மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனம் அவர்களுக்கு உண்டு.

எங்கள் ஆலையிலும் அப்படித்தான் தொடங்கியது. 2018 இல் இரண்டாம் கட்ட விரிவாக்கத்துக்கான முதல் தவணை தாய் நிறுவனத்திலிருந்து வந்தது. அப்படிப் பணம் வந்து பங்குகளை ஒதுக்கினால், ஒதுக்கிய 30 நாட்களுக்குள், வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எப்.சி.ஜி.பி.ஆர். படிவத்தை வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; அதைத் தயாரித்தவன் நான். ஆலைக்குப் பின்புறம் அடித்தளம் போட்டு, ஆள் உயரத்துக்குத் தூண் கம்பிகளும் நிறுத்தப்பட்டன. அந்தச் செப்டம்பரில், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் போடும் பெரிய நிதி நிறுவனமான ஐ.எல். அண்ட் எப்.எஸ். தன் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியது. அதன் பின் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது கடினமாகி, வாகனக் கடன் இறுகியது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலில் வரவிருந்ததால் வாங்க நினைத்தவர்களும் தள்ளிப்போட்டார்கள். 2019 ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. எங்களுக்கு மூன்று ஷிப்ட் ஒன்றரை ஷிப்டானது.

அந்த அக்டோபரில் தாய் நிறுவனத்திலிருந்து இயக்குநர் ஒருவர் வந்தார். சரிவைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்து, நான் மாதவாரியாக வரைபடங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் அவற்றைப் புரட்டிவிட்டு, 1997 இல் தாய்லாந்தில் இதைவிட மோசமாகப் பார்த்தோம், அங்கே இருந்தோம், சந்தை திரும்பியது என்று மட்டும் சொன்னார். பிறகு இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "அரசிடமிருந்து வர வேண்டிய ஊக்கத்தொகை" என்ற வரி அது. ஆலை தொடங்கும்போது அரசாணையிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது: கட்டிய மாநில வரியில் ஒரு பங்கும், மின்சார வரியும் இத்தனை ஆண்டுகளுக்குத் திருப்பித் தரப்படும். தொகை வரவில்லை என்பதால், நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் நான் அதை வரவேண்டிய தொகையாகவே முன்னெடுத்து எழுதி வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் அது பெருகியது. இனி வராது என்று கருதி வராக்கடன் ஒதுக்கீடு செய்யுங்கள் என்று தணிக்கையாளர் இரண்டு முறை எழுதிவிட்டார்.

இது அரசாணையில் இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். நகலை எடுத்துக் காட்டினேன். எந்தத் தேதியில் வரும் என்று கேட்டார். அந்த அலுவலகத்துக்கு நான் அதுவரை பதினேழு முறை போயிருந்தேன். நிதி ஒதுக்கீடு வரவில்லை என்ற பதிலைத் தவிர எதையும் கொண்டுவரவில்லை. தேதி சொல்ல என்னால் முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, கோப்பை மூடி என்னிடமே கொடுத்தார். இரண்டாம் தவணை வரவேயில்லை. அந்த இயந்திரங்கள் வியட்நாம் ஆலைக்குப் போனதாக ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சலின் நகலில்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. இரண்டாம் கட்டம் திறந்தால் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லி வைத்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆந்திரத்தின் சத்தியவேட்டிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வரும் ஓர் அம்மா, எங்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழில், வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "அந்தத் தூணு எப்ப சார் எழும்பும்?" துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசியிருந்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் அதுவும் உரிந்து செந்நிறமாக வழிந்தது. அந்த அம்மாவையும் சேர்த்து நாற்பது பேரை, "கூப்பிட்டு அனுப்புகிறோம்" என்று சொல்லி நிறுத்தினார்கள். விற்பனைச் சரிவு மட்டும் என்றால் 2021 இல் ஆர்டர் திரும்பியபோது அவர்களும் திரும்பியிருப்பார்கள். திரும்பி வருவதற்கு அந்தக் கட்டடம் எழும்பவில்லை. இருக்கிற ஆட்களை வைத்தே ஓவர்டைமில் ஓட்டினோம்.

நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். லாபம் வந்த ஆண்டுகளிலும் அந்த அறுபது பேரை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்த நிறுவனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அன்னிய நிறுவனத்துக்குச் சலுகையே கொடுக்கக் கூடாது என்ற வாதத்துக்கும் மதிப்பு உண்டு. அதை அரசாணை போடுவதற்கு முன் வாதிட வேண்டும். கையெழுத்துப் போட்ட பின் அது கடன். 2012 ஜனவரியில் வோடபோன் தொலைபேசி நிறுவனத்தின் வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டு பின்தேதியிட்டு வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வரி கேட்கும் உரிமை அரசுக்கு இல்லையென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நேற்றைய செயலுக்கு இன்று விதி எழுதினால் நாளைக்கு எப்படிக் கணக்குப் போடுவது? 2021 ஆகஸ்டில் அதை விலக்கிக்கொள்ளும் வரை ஒன்பது ஆண்டுகள், எங்கள் தாய் நிறுவனத்தின் ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் யாராவது அதைக் கேட்டார்கள்.

ஆந்திரத்தில் 2019 ஜூலையில் 75 சதவீத வேலை மாநிலத்தவருக்கே என்று சட்டம் நிறைவேறியபோதும் இதே கலக்கம் வந்தது. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வேலை வேண்டும். ஆனால் எங்கள் பகுதியின் நிலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது அது அந்தப் பக்கம் போனது. என் தாத்தாவின் ஒரு மகன் அங்கே, இன்னொரு மகன் இங்கே. மிதிவண்டியில் போகிற தூரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் வெளிமாநிலத்தவன் என்று ஆகிவிட்டபோது எங்கள் வீட்டில் வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு வர வேண்டிய தொகையில் ஒரு பகுதி 2022 இல் வட்டியில்லாமல் வந்தது. அதை வரவு வைத்த வாரத்தில்தான், பின்புறக் கம்பிகளைக் கேஸ் கட்டரால் அறுத்து எடைக்குப் போட அனுமதி கேட்டுக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

அரசியல்வாதிகள் சொல்லும் முதலீட்டு எண்களையும் வளர்ச்சி விகிதத்தையும் மட்டும் வைத்து நம்பிக்கையை அளக்காதீர்கள். 2024-25 இல் வளர்ச்சி 6.5 சதவீதம், உள்ளே வந்த மொத்த நேரடி முதலீடு 8000 கோடி டாலரை ஒட்டியது. ஆனால் ஏற்கெனவே இருந்தவர்கள் விற்றுக்கொண்டு போன தொகையையும், நம்மவர்கள் வெளிநாட்டில் போட்ட முதலீட்டையும் கழித்தால், முந்தைய ஆண்டு ஏறத்தாழ 1000 கோடி டாலராக இருந்த நிகரத் தொகை 100 கோடி டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விற்றுப் போனவர்கள் எல்லோரும் நம்பிக்கை இழந்து போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. பங்கு விலை ஏறியிருந்ததால் லாபம் எடுத்தவர்களும் அதில் உண்டு. ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடும் இதழில் இந்த அட்டவணை இருக்கிறது. மொத்த வரவு என்ற வரியோடு நிறுத்திவிடாமல், திரும்பிச் சென்ற தொகை, நிகர வரவு என்ற வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.