ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கையால் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, மூளை முடக்குவாதம். வீல்சேரில் உட்காரவைத்தால் இடப்பக்கம் சரிந்துவிடுகிறான். போனில் உடம்பை ஸ்கேன் செய்து அப்படியே முப்பரிமாண பிரிண்டரில் சீட் செய்துவிடலாம், செலவு ரொம்பக் குறையும் என்கிறார் இன்ஜினீயரான உறவினர் ஒருவர். நம்பிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் அந்த 'அப்படியே' வேண்டாம். ஸ்கேனர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பதிவு செய்யும், சரிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஸ்கேன் செய்தால் அந்தச் சரிவுக்கு அச்சாகப் பொருந்துகிற சீட்தான் வந்து சேரும், பிறகு அவன் நாள் முழுக்க அந்தக் கோணலிலேயே கிடப்பான்.

முதலில் உட்காரும் முறையைப் பார்த்துப் பழகிய ஒரு தெரபிஸ்ட் வேண்டும். பிள்ளையைக் கெட்டியான மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை மடக்கி, இடுப்பெலும்பை இரு பக்கமும் பிடித்து மெதுவாகச் சமப்படுத்திப் பார்ப்பார். கைக்கு இணங்கி வந்தால் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் ஏற்றிக்கொடுத்து இடுப்பை நேராக நிறுத்தலாம். இறுகிப்போய் வர மறுத்தால் கட்டாயப்படுத்தவே கூடாது, அப்போது உயர்ந்திருக்கும் பக்கத்துக்கு அடியில் நிரப்பி, எடை ஒரே எலும்பில் விழாமல் பரவும்படி செய்யவேண்டும். பாருங்கள், ஒரே சரிவுதான், வைத்தியம் நேர் எதிர். எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

அப்புறம், பிள்ளையை நேரடியாக ஸ்கேன் செய்யாதீர்கள். சிறு மணிகள் நிரப்பிய காற்றுப்புகாத பை ஒன்று உண்டு. அதில் அவனை உட்காரவைத்து, ஒருவர் இடுப்பையும் இன்னொருவர் நெஞ்சையும் தாங்கிப் பிடித்திருக்க, பம்ப்பால் காற்றை உறிஞ்சினால் பை கல் மாதிரி இறுகிவிடும். அவனைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள், தொடை இரண்டும் முதுகும் பதிந்த குழி அப்படியே நிற்கும். அந்தக் குழியை ஸ்கேன் செய்யுங்கள். அது அசையாது, அழாது, முக்கியமாக எடை தாங்கி அமுங்கிய சதையின் வடிவம் அதில்தான் இருக்கிறது.

சீட்டை பிரிண்டரில் செய்யவும் நான் அவசரப்படமாட்டேன். வழக்கமான சிறிய பிரிண்டரில் அவ்வளவு பெரிய பொருள் அடங்காது, துண்டு துண்டாக அடித்து ஒட்டவேண்டும், நேரமும் எக்கச்சக்கம், கிடைப்பதும் கெட்டியான ஓடு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் ஃபோம் கட்டியைக் கடைந்தெடுத்து, அடியில் ப்ளைவுட் பலகை கொடுப்பது பெரும்பாலும் வேகமான வழி. பக்கத்தாங்கி, தலைத்தாங்கியைப் பிடிக்கும் கொக்கி மாதிரி சின்னச் சாமான்களுக்கு பிரிண்டர் அருமையானது. மேல் ஃபோமிலும் உறையிலும் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், வியர்வையும் ஈரமும் தேங்கினால் தோல் சீக்கிரம் புண்ணாகும்.

கேள்வி: சீட் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைக்குச் சொல்லத் தெரியாதே.

பதில்: தோல் சொல்லும். முதல் தடவை 20 நிமிடம் மட்டும் உட்காரவையுங்கள், பிறகு உடையை விலக்கி, உட்காரும் எலும்புகள், வால் எலும்பு, தொடையின் வெளிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் சீட்டைச் செதுக்கித் திருத்தவேண்டும், அதுவரை அதில் உட்காரவைக்காதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, அதனால் புறங்கையை வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும்.

கேள்வி: இன்னொரு குழந்தைக்குச் செய்த சீட்டின் ஃபைலை வாங்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: கொக்கி, பலகை போன்றவற்றின் ஃபைல் என்றால் தாராளமாக, வீல்சேரின் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். உடம்பைத் தொடும் வடிவம் என்றால் கூடவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வீல்சேர் வழிகாட்டியிலும், கட்டுப்படியாகும் செலவோடு சேர்த்துப் பொருத்தமும் உடலுக்கான தாங்கலும் இருந்தால்தான் அது தகுந்த வீல்சேர். உங்கள் பிள்ளையின் ஃபைலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். முதுகுப் பகுதியையும் உட்காரும் பகுதியையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள், தொடை நீளும்போது முதுகைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம், அதுவும் போதாமல் போனால் பழைய ஃபைலை மறுபடி அளவெடுத்துத் திருத்தி ஃபோமை மட்டும் புதிதாக வெட்டினால் போதும்.