ஆபீஸ் கோல்ஃப் குழு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 16 பேர் மாதம் ஒருமுறை கோல்ஃப் ஆடுகிறோம். பாதிப் பேருக்கு ஹேண்டிகேப்பே (திறமைக்குத் தக்கபடி கழித்துக்கொள்ளக் கிடைக்கும் அடிகள்) கிடையாது. கோப்பை எப்போதும் ஒருவருக்கே போகிறது. முணுமுணுப்பைத் தாங்க முடியவில்லை.
– வாசகர், சென்னை

பதில்: மொத்த அடிகளைக் கூட்டிப் பரிசு கொடுத்தால் அப்படித்தான் ஆகும். குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறைக்கு மாறுங்கள். ஹேண்டிகேப் அடிகளைக் கழித்த பிறகு குழிக்குப் பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) வந்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, குறைந்தால் 3. இரண்டு அடி கூடிவிட்டால் பூஜ்யம். பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் 11 அடித்தவருக்கும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடாது.

ஹேண்டிகேப் இல்லாதவர்களிடம் 18 குழி ஆடிய மூன்று ஸ்கோர் கார்டுகள் வாங்குங்கள். எந்தக் குழியிலும் பாருக்கு மேல் 5 அடிதான் கணக்கு. உலக ஹேண்டிகேப் முறையில் மூன்றே கார்டு இருந்தால், மைதானத்தின் ரேட்டிங்கையும் (ஹேண்டிகேப் தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகள்) ஸ்லோப்பையும் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதற்கான எண்) வைத்துக் கணக்கிட்டு, மூன்றில் குறைந்ததை எடுத்து அதிலும் 2 கழிப்பார்கள். 20 கார்டு சேர்ந்ததும் சிறந்த எட்டின் சராசரி.

ஹேண்டிகேப் இன்டெக்ஸ் எனப்படும் அந்த எண்ணை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோவதுதான் பலர் செய்யும் தவறு. அதை ஸ்லோப்பால் பெருக்கி, சராசரி ஸ்லோப்பான 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்து, தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு 95 சதவீதம் எடுக்க வேண்டும். உதாரணமாக இன்டெக்ஸ் 22.4, ஸ்லோப் 125, ரேட்டிங் 70.8, பார் 72 என்றால் கிடைப்பது 22 அடி: எல்லாக் குழிக்கும் ஒன்று, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை எண்) 1 முதல் 4 வரையுள்ள குழிகளுக்கு இரண்டு.

ஹேண்டிகேப்புக்குத் தக்கபடி ஆடினால் 36 புள்ளி வரும். ஒருவர் அடுத்தடுத்து 41, 42 எடுத்தால் அவர் தராமல் விட்ட கார்டுகளைக் கேளுங்கள். ஹேண்டிகேப் குறையாமலிருக்க, நன்றாக ஆடிய கார்டுதான் பெரும்பாலும் காணாமல்போகும். கூடவே, வென்றவருக்கு அடுத்த மாத ஹேண்டிகேப்பில் 2 அடி, இரண்டாமவருக்கு 1 அடி குறைப்பது என்று குழுவுக்குள் விதி வைத்துக்கொள்ளலாம். மேலாளருக்கும் அதே விதிதான். சமநிலை வந்தால் கடைசி 9 குழி, பிறகு 6, 3, கடைசியாக 18-ஆம் குழி என்று பாருங்கள். இதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காலை 6 மணிக்குத் தொடங்கியும் மதியம்வரை இழுக்கிறது. பின்னால் வரும் கிளப் உறுப்பினர்கள் திட்டுகிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: நால்வர் அணி 18 குழிக்குச் சாதாரணமாக நாலரை மணி நேரம் எடுக்கும். அணிகளுக்கு இடையே 10 நிமிடம் விட்டால், நான்காவது அணி 6.30-க்குக் கிளம்பி 11 மணிக்கு முடிக்கும். சாப்பாட்டை 11.15-க்குச் சொல்லுங்கள். புதியவர்களை ஒரே அணியில் போட்டுவிடாதீர்கள்; அணிக்கு ஒருவர் விதி தெரிந்தவராக இருக்கட்டும். பந்து தேட மூன்று நிமிடம்தான்; 2019-க்கு முன்பு ஐந்து. தொலைந்ததாகத் தோன்றினால் உடனே தற்காலிகப் பந்து (provisional) ஒன்றை அடித்துவிடுங்கள். அதை மறந்தவர்களுக்காக, திரும்பி நடக்காமல் இரண்டு அடி தண்டனையோடு பந்து தொலைந்த இடத்தருகே வேறு பந்து போடும் உள்ளூர் விதி இருக்கிறது. ஆனால் அதை அமைப்பாளர் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

கேள்வி: பரிசாக ரொக்கம் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். ஹேண்டிகேப் போட்டியில் பணப் பரிசு வாங்கினால் அமெச்சூர் தகுதியே போய்விடும். பந்துப் பெட்டி, கையுறை, கடைக் கூப்பன் கொடுங்கள். நுழைவுப் பணத்தைப் பத்து நாள் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். வராதவருக்கான கிரீன் ஃபீயையும் (மைதானக் கட்டணம்) பல கிளப்புகள் உங்களிடம்தான் கேட்கும்.