விளக்கு வைக்கிற நேரத்துப் பயம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மாமனாருக்கு 71 வயது. கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். ஆறு வருடமாக பார்க்கின்சன். கை நடுக்கத்தைவிட இப்போது பயம்தான் பெரிய பாடாக இருக்கிறது. மதியம் பன்னிரண்டரை வாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது. ‘என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க’ என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். ஈசிஜி மூன்று முறை, எக்கோ ஒரு முறை எடுத்தோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எதுவுமே நடக்காத மாதிரி டிவி பார்க்கிறார். வீட்டுக்காரர் ‘அப்பா நடிக்கிறார்’ என்கிறார். நாத்தனார் திருஷ்டி என்று சுற்றிப் போடுகிறார்.

சிண்டோபா பிளஸ் காலை எட்டரை, மதியம் ஒன்றரை, இரவு எட்டரை, சாப்பிட்டதும் பாலில் கொடுக்கிறோம். அதே நோய்க்குக் காலையில் ரசாஜிலின் மாத்திரை ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி பயத்துக்கு ஒரு மாத்திரை வாங்கி பத்து நாளாகத் தருகிறோம். பூனைக்காலிச் சூரணம் நல்லது என்கிறார் ஒருவர். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு சும்மா கிடக்கிறது. நல்ல காற்று, சத்தமில்லாத இடம். அங்கே கொண்டுபோய் வைத்தால் மனசு தேறுமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பு எத்தனை வீடுகளில் எத்தனை பேரைப் பாடாய்ப் படுத்துகிறது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதலில் விவரித்தபோது, புலன்களும் அறிவும் பழுதாவதில்லை என்று எழுதினார். அவர் பார்த்தது ஆறே பேரை. அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த வரி மருத்துவ உலகில் வெகுகாலம் நிலைத்துவிட்டது. கை, கால், நடை என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

உங்கள் கணவருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா நடிக்கவில்லை. நடிக்கிறவர் ஆள் பார்த்து நடிப்பார். மணி பார்த்து நடிக்க மாட்டார். இந்த நோயில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் மட்டும் அழிவதில்லை. நார்அட்ரினலின், செரடோனின் சுரக்கும் செல்களும் சேர்ந்தே அழிகின்றன. அச்சத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றம் ஒரு தனி நோயாகவே இருக்கிறது. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வந்துவிடுகிறது. நடுங்கும் கையைப் பார்த்து ‘கையைத் திடமா வெச்சுக்கோங்கப்பா’ என்று யாரும் சொல்வதில்லை. பயத்தைப் பார்த்து மட்டும் ‘மனசைத் திடமா வெச்சுக்கோங்க’ என்று சொல்ல வாய் வருகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் காதில் விழும்படி அவரைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்துங்கள்.

இனி மணிக்கணக்கு. ஈசிஜி மூன்று முறை எடுத்திருக்கிறீர்கள். மாத்திரை எத்தனை மணிக்கு வேலை செய்யத் தொடங்குகிறது, எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா? எழுதியதெல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கூட்டித்தான் பார்க்கவில்லை.

சிண்டோபா பிளஸ் ஒன்றில் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 25. மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது லெவோடோபா; அது வழியிலேயே வீணாகாமல் காப்பது கார்பிடோபா. கார்பிடோபா துணைக்கு இருந்தாலும் இரத்தத்தில் லெவோடோபா ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்து மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால் மூன்று வேளை போதும். ஆண்டுகள் போகப் போக சேமிக்கும் செல்கள் குறைகின்றன. ஒரு மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம்தான் தாங்குகிறது. தீரும்போது உடம்பு இறுகும், நடை குறுகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், பலருக்கு உடம்பு இறுகுவதற்கு முன்னாலேயே பயம் வந்துவிடும். வியர்வை, படபடப்பு, மூச்சுமுட்டல், செத்துப்போய்விடுவோம் என்ற நிச்சயம் எல்லாம் சேர்ந்து வரும்.

எட்டரைக்கு இட்லி சாம்பாருக்கு மேல் பாலோடு போன மாத்திரை ஒன்பதரைக்குத்தான் எட்டும். பன்னிரண்டரைக்குத் தீரும். அப்போது முதல் பயம். ஒன்றரைக்குப் பருப்புச் சோறும் தயிரும் போன வயிற்றில் அடுத்த மாத்திரை; அது இரண்டரைக்கு மேல்தான் பிடிக்கும், ஆறு மணிக்குக் காலியாகும். அடுத்தது எட்டரைக்குத்தானே? அது பிடிக்கும்வரை மூன்றரை மணி நேரம் மனிதர் வெறும் உடம்போடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதரைக்கு இரவு மாத்திரை பிடிக்கிறது, டிவி பார்க்கிறார். இதில் நடிப்பு எங்கே வந்தது? வெள்ளியை மில்லிகிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்து வாங்கிய மனிதருக்கு, மருந்தை ‘சாப்பிட்டதும்’ என்று குத்துமதிப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சொல்வது ஊகம். அதை உறுதி செய்வது உங்கள் கையில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை அரை மணிக்கு ஒரு வரி. மாத்திரை போட்ட நிமிடம், சாப்பிட்ட நேரமும் பொருளும், உடம்பு தளர்வாக இருக்கிறதா, இறுக்கமா, தானாக ஆடி வளைகிறதா, பயம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை. ஒரு வாரம் விடாமல் எழுதுங்கள். பேனா பிடிக்க முடிகிறவரை அவரே எழுதட்டும். எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்தாலும் பரவாயில்லை, அந்தச் சிறுத்த எழுத்தே மருத்துவருக்கு ஒரு தகவல். நீங்கள் கேட்பதானால் ‘பயமா இருக்கா மாமா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இல்லாத பயமும் வரும். ‘இப்ப எத்தனை?’ என்று எண்ணை மட்டும் கேளுங்கள்.

மாத்திரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எண் ஏறி, மாத்திரை போட்டு முக்கால் மணியில் இறங்கினால், அது மருந்து தீர்வதால் வரும் பயம். நரம்பியல் மருத்துவர் அதே அளவை நான்கைந்து வேளையாகப் பிரிக்கலாம், லெவோடோபாவை நீடிக்க வைக்கும் என்டகபோன் போன்றதைச் சேர்க்கலாம். அது அவர் வேலை. நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். கையில் எப்போதும் பத்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும்.

பாலை விடுங்கள். லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிறு நிறைந்திருந்தால் அங்கே போய்ச் சேரவே நேரமாகும். போய்ச் சேர்ந்தாலும் பால், பருப்பு, முட்டையில் உள்ள புரதம் அதே வழியில் போட்டிக்கு வரும். குடலில் ஒரு முறை, மூளையின் வாசலில் இன்னொரு முறை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவதுதான் பொதுவான முறை. குமட்டினால் இரண்டு பிஸ்கட். இந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மருந்து சட்டென்று ஏறி இரத்த அழுத்தம் இறங்கலாம். அதற்காகப் பருப்பையே நிறுத்திவிடாதீர்கள், ஆள் இளைத்துப்போவார். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவரென்றால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அதைக் கவனியுங்கள், அதுவும் மருந்தைத் தாமதப்படுத்துகிற மந்தத்தின் அடையாளம்தான்.

அடுத்து, மெடிக்கல் ஷாப் மாத்திரை. இதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃப்ளூபென்டிக்சாலும் மெலிட்ராசனும் என்று இருந்தால் இன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஃப்ளூபென்டிக்சால் டோபமினைத் தடுப்பது. ஒரு கையால் டோபமின் கொடுத்து மறு கையால் தடுத்துக்கொண்டிருப்பீர்கள். மெலிட்ராசனை ரசாஜிலினோடு சேர்க்கவே கூடாது. அல்ப்ரசோலமோ குளோனசெபமோ என்றால் உடனே ஆற்றும், ஆனால் இந்த வயதில் குழப்பமும் ராத்திரி பாத்ரூமில் விழுவதும் கூடவே வரும். பல வாரம் போட்டபின் சட்டென்று நிறுத்துவதும் தப்பு. கூடவே ஒரு சீட்டில் இதையும் எழுதி மாத்திரை டப்பாவில் வையுங்கள்: வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு புரோகுளோர்பெராசின், சின்னரிசின், ஃப்ளூனரிசின் கூடாது. ரசாஜிலின் இருப்பதால் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் கலந்த இருமல் மருந்தும், ட்ரமடால் வலி மாத்திரையும் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இந்தச் சீட்டை நீட்டுங்கள்.

பூனைக்காலியை நான் கேலி செய்ய மாட்டேன். 1937லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதில் நிஜமான மருந்து இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு ஸ்பூன் சூரணத்தில் எத்தனை மில்லிகிராம் என்று விற்பவருக்கும் தெரியாது. கணக்கே குழம்பியிருக்கும்போது கணக்கில்லாத ஒன்றை மேலே கொட்டுவதா?

நாத்தனார் சுற்றிப் போடட்டும். மிளகாய்ப் புகை மட்டும் வேண்டாம், மூச்சு முட்டுகிற மனிதர்.

பயம் வந்த நேரத்தில் என்ன செய்வது? சுற்றி நான்கு பேர் நின்று பேசாதீர்கள். ஒருவர் போதும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்கார வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். எண்ணுவது நீங்கள், உங்கள் குரலை அவர் பிடித்துக்கொள்வார். எழுந்து நடக்கும்போது வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுவார். நின்று, எடையை இடம் வலமாக மாற்றி, தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்லுங்கள். வழக்கத்தில் இல்லாத நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் இதெல்லாம் பார்க்க வேண்டாம், 108தான்.

எண் நாள் முழுக்க ஏழெட்டிலேயே நின்றால் கதை வேறு. அது தனியாக மருத்துவம் பார்க்கவேண்டிய பதற்றம். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் மாதிரி மருந்துகள் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் பலன் காட்டும். எழுதும் மருத்துவரிடம் ரசாஜிலின் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையும் பலன் தரும். எழுந்து நிற்கும்போது மட்டும் பயம் வருகிறதென்றால் படுத்திருக்கும்போது ஒரு முறை, நின்று ஒரு நிமிடம் கழித்தும் மூன்று நிமிடம் கழித்தும் பிபி பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அதைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். ஏறக்குறைய 5,000 அடி உயரம். குளிரில் இறுகின உடம்பு இன்னும் இறுகும். பனி நனைத்த படியும் சரிவும் அவர் காலுக்கு ஆகாது. ராத்திரியில் ஏதாவது என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரவேண்டும். பட்டறைப் பக்கம் பேச வருகிற பழைய ஆட்களை விட்டுவிட்டு மலைமேல் ஒரு காலி வீட்டில், ‘தனியா விடாதீங்க’ என்று சொல்கிற மனிதரை வைக்கப் பார்க்கிறீர்கள். ஒரு நாள் போய்வருவதென்றால் தாராளமாகப் போங்கள். காலை மாத்திரை பிடித்த பிறகு கிளம்பி, முன் சீட்டில் உட்கார வைத்து, அடுத்த மாத்திரையையும் தண்ணீரையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறுகிறோமே என்று அடிவாரத்தில் வாந்தி மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வண்டிப் பயணத்துக்கு வழக்கமாகத் தரும் புரோமெத்தசினும் அந்தச் சீட்டில் சேரவேண்டியதுதான்.

நோட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பவேண்டாம். ஒரு வாரம் முடிந்ததும், வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடமோ, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, அவரையே படித்துச் சொல்ல வையுங்கள்.